ஆசிரியர் பயிற்சியும் பள்ளி உளவியலும் ஒரே துறையில்: பாடத்திட்டத்தில் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

மூன்றாம்பெஞ்ச்:

உளவியலில் இளநிலை முடித்துவிட்டு முதுநிலைக்குத் துறை தேடுகிறேன். பார்த்த இடமெல்லாம் ஆசிரியர் பயிற்சியும் பள்ளி உளவியலும் ஒரே கல்வியியல் துறையின் கீழ்தான் வருகின்றன. முதல் பருவம் பொது, பிறகு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையேடுகளைப் புரட்டினால் எல்லாவற்றிலும் ஒரே பட்டியல்: குழந்தை வளர்ச்சி, கற்றல் கோட்பாடுகள், உள்ளடக்கிய கல்வி, மதிப்பீடு, கள அனுபவம். எது நல்ல பயிற்சி, எது வெறும் தாள் என்று இதை வைத்து எப்படிப் பிரிப்பது?

குறிப்பாகத் தெரிய வேண்டியவை: பள்ளியில் எத்தனை மணி நேரம் இருந்தால் போதும்? இரு பிரிவினருக்கும் உண்மையில் பொதுவான பயிற்சி எது? பள்ளி உளவியலாளர் ஆக, முதலில் ஆசிரியராக வேலை பார்த்திருக்க வேண்டுமா? மாணவர்கள் பெரும்பாலும் எங்கே சறுக்குகிறார்கள்?

அளவுகோல்:

தாளின் பெயரை விடுங்கள், அதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தாளிலும் மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும், அதை யார் நேரில் பார்ப்பார், பார்த்துச் சொன்ன பிறகு மறுபடி செய்ய வாய்ப்பு உண்டா என்று பாருங்கள். இந்த மூன்றுக்கும் துறையிடம் பதில் இருந்தால் அது பயிற்சி. இல்லையென்றால் விரிவுரையும் தேர்வும்தான்.

பள்ளி உளவியல் பக்கம் மட்டும் சொல்கிறேன். மணிக்கணக்குக்கு ஒப்பிட ஓர் அளவு வேண்டுமென்றால், அமெரிக்காவின் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கத்தின் 2020 தரநிலைகளை எடுத்துக்கொள்ளலாம். சிறப்புநிலைப் பட்டத்துக்கு (முதுநிலைக்கும் முனைவருக்கும் இடைப்பட்டது) இளநிலைக்குப் பிறகு குறைந்தது 60 பருவ மணி வரவுகளும் (கிரெடிட்) 1200 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் வேண்டும். அந்த 1200இல் குறைந்தது 600 பள்ளிக்குள்ளேயே நடக்க வேண்டும். முனைவர் பட்டமானால் 90 வரவுகள், 1500 மணி நேரம். வாரம் 35 மணி நேரம் என்று வைத்தால் 1200 மணி நேரம் என்பது ஏறத்தாழ 34 வாரங்கள், அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுக் கல்வியாண்டு. இங்கிலாந்தில் அமைப்பு வேறு. அங்கே கல்வி உளவியலாளருக்கு 3 ஆண்டு முனைவர் படிப்பு, முடித்த பின் சுகாதார, பராமரிப்புத் தொழில் கவுன்சிலில் பதிவு. ஆக, எல்லா நாட்டுக்கும் ஒரே எண் கிடையாது. ஆனால் 'கள அனுபவம்: 4 வாரம்' என்று மட்டும் போட்ட ஒரு பள்ளி உளவியல் படிப்பைப் பார்த்தால் அது எவ்வளவு குறைவு என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

மொத்த மணி நேரத்தைவிட அது எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது முக்கியம். பிராக்டிகமும் இன்டர்ன்ஷிப்பும் வேறு வேறு. பிராக்டிகம் என்பது தாளோடு சேர்ந்து ஓடுவது, வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள். இந்த வாரம் நேர்காணல் படித்தால் அடுத்த வாரம் ஒரு நேர்காணல். இன்டர்ன்ஷிப் கடைசி ஆண்டில் முழுநேரமாக வருவது, எல்லா வேலையையும் மேற்பார்வையில் செய்வது. பிராக்டிகமே இல்லாமல் நேராக இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பும் துறைகளில், பள்ளிக்குப் போய்த்தான் மாணவர் முதன்முதலாக ஒரு குழந்தையோடு உட்காருகிறார். சோதனைப் பெட்டியைத் திறக்கவே கை தடுமாறும்.

மேற்பார்வை: மேலே சொன்ன தரநிலைகளில் முழுநேர இன்டர்னுக்கு வாரம் 2 மணி நேரம் பள்ளியில் இருக்கும் மேற்பார்வையாளர் ஒதுக்க வேண்டும். அது நடைபாதைப் பேச்சாகிவிடக் கூடாது. நாட்காட்டியில் நேரம் குறித்து, கதவைச் சாத்திக்கொண்டு, வழக்குக் கோப்பைத் திறந்துவைத்துப் பேசும் நேரமாக இருக்க வேண்டும்.

இனி சறுக்கும் இடம். நுண்ணறிவுச் சோதனை நடத்தும் தாளில் விழும் பிழைகள் பெரும்பாலும் கோட்பாட்டுப் பிழைகள் அல்ல, எழுத்தர் பிழைகள். முதல் பிழை வயதுக் கணக்கு. சோதனை நாள் 2025 மார்ச் 10, பிறந்த நாள் 2015 ஜூலை 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10இலிருந்து 22 போகாது, ஒரு மாதத்தை 30 நாளாகக் கடன் வாங்கினால் 40 கழித்தல் 22, 18 நாள். மீதி 2 மாதம். அதிலிருந்து 7 போகாது, ஓர் ஆண்டைக் கடன் வாங்கினால் 14 கழித்தல் 7, 7 மாதம். 2024 கழித்தல் 2015, 9 ஆண்டு. வயது 9 ஆண்டு 7 மாதம் 18 நாள். இங்கே பலர் 18 நாளை மேலே தள்ளி 9 ஆண்டு 8 மாதம் என்று எழுதிவிடுவார்கள். வெக்ஸ்லர் குழந்தைகள் நுண்ணறிவுச் சோதனையில், மூலப் புள்ளியை (விடைகளுக்கு நேரடியாகக் கிடைத்த கூட்டுப் புள்ளி) வயதுக்கேற்ற புள்ளியாக மாற்றும் அட்டவணைகள் 4 மாத இடைவெளியில் இருப்பவை. 9:4 (9 ஆண்டு 4 மாதம்) முதல் 9:7 வரை ஒரு பக்கம், 9:8 முதல் 9:11 வரை அடுத்த பக்கம். நாள்களை மேலே தள்ளினால் குழந்தை தப்பான பக்கத்துக்குப் போய்விடும். எல்லா மூலப் புள்ளியும் சரியாக இருந்தும் முடிவு தவறாகிவிடும்.

அடுத்தது, அரைகுறைப் பதிலுக்கு 'இன்னும் கொஞ்சம் சொல்' என்று கேட்க மறப்பது. பிறகு நிறுத்தும் விதி: தொடர்ச்சியாக இத்தனை தவறானால் நிறுத்து என்று கையேடு சொல்லும் இடத்தில் ஒரு கேள்வி முன்னாலோ பின்னாலோ நிறுத்துவது. அதற்கும் பிறகு, குழந்தை சொன்னதைச் சொன்னபடி எழுதாமல் 'சரி', 'தவறு' என்று மட்டும் குறிப்பது. இப்படிக் குறித்தால் மேற்பார்வையாளரால் புள்ளியைச் சரிபார்க்கவே முடியாது. இந்த நான்கையும் களைய ஒரே வழி, மாணவர் சோதனை நடத்துவதைப் பதிவுசெய்து, விடைத்தாளை ஒவ்வொரு வரியாக வேறொருவர் மறுபடி மதிப்பிடுவது. துறையில் இது நடக்கிறதா, ஒரு மாணவருக்கு எத்தனை முறை நடக்கிறது என்று நேராகவே கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

சாக்பீஸ்:

அளவுகோல் சோதனைப் பக்கம் சொல்லிவிட்டார். ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது 'கற்பித்தல் முறை' தாள் பாடத்தோடு ஒட்டியிருக்கிறதா என்பது. கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதியது இன்றும் பொருந்தும்: பாடம் தெரிந்திருப்பது ஒன்று, கற்பிக்கத் தெரிந்திருப்பது இன்னொன்று, இந்தப் பாடத்தை இந்த வயதுக்காரர் எங்கே தப்பாகப் புரிந்துகொள்வார் என்று தெரிந்திருப்பது மூன்றாவது. மூன்றாவதைத்தான் ஆசிரியர் கல்வி தர வேண்டும். பின்னக் கூட்டலில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் குழந்தை மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டுகிறது. கவனக்குறைவு என்று அதை ஒதுக்க முடியாது, முழு எண்ணில் கற்ற விதியை அப்படியே இங்கே கொண்டுவருகிறது. கணித முறைத் தாளின் பாடத்திட்டத்தில் இப்படி ஒரு தவறான புரிதலின் பெயராவது இருக்கிறதா, அல்லது 'விரிவுரை முறை, செயல்விளக்க முறை, விளையாட்டு முறை' என்று எல்லாப் பாடத்துக்கும் பொதுவான பட்டியல்தானா? இரண்டாவதானால் மூன்றாவது அறிவு அங்கே கிடைக்காது.

நுண்ணிலைக் கற்பித்தல், அதாவது ஒரு திறனை மட்டும் சில நிமிடம் கற்பித்துப் பழகுவது, கிட்டத்தட்ட எல்லாத் துறையிலும் இருக்கும். 1963இல் ஸ்டான்ஃபோர்டில் ட்வைட் ஆலன் குழு தொடங்கியது. இந்தியாவில் என்.சி.இ.ஆர்.டி. வகுத்த சுற்று 36 நிமிடம்: 6 நிமிடம் கற்பி, 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுபடி திட்டமிடு, 6 நிமிடம் மறுபடி கற்பி, 6 நிமிடம் மறுபடி பின்னூட்டம். இதன் உயிரே அந்த இரண்டாவது கற்பித்தலில்தான் இருக்கிறது. நேரம் போதவில்லை என்று முதல் வெட்டு விழுவதும் அதில்தான். முதல் 6 நிமிடத்தோடு நிறுத்தி 'நன்று, குரல் இன்னும் உயர்த்தலாம்' என்று எழுதி அனுப்பினால் அது பயிற்சி ஆகாது. இன்னொன்று, ஒரு சுற்றுக்கு ஒரே திறன். கேள்வி கேட்டல் என்றால் கேள்வி கேட்டல் மட்டும். ஒரே சுற்றில் கரும்பலகை, ஊக்குவித்தல், எடுத்துக்காட்டு என்று எல்லாவற்றையும் குறித்தால் எதையும் திருத்த முடியாது.

கேள்வி கேட்டலுக்கு அளந்து பார்க்கக்கூடிய ஒன்று காத்திருப்பு நேரம். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். 3 விநாடி காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன, 'தெரியாது' குறைகிறது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். குழந்தை பேசி முடித்த பின்னும் அதே 3 விநாடி தேவை. இதைப் பதிவைக் கேட்டு விநாடிக் கணக்கில் அளக்கலாம். நல்ல மேற்பார்வையாளர் குறிப்பேட்டில் 'கேள்வித்திறன் மேம்பட வேண்டும்' என்று எழுத மாட்டார், 'எட்டுக் கேள்வியில் ஆறுக்கு ஒரு விநாடிக்குள் நீங்களே பதில் சொன்னீர்கள்' என்று எழுதுவார்.

சக மாணவர்களைக் குழந்தைகளாக நடிக்கவைத்துச் செய்யும் பயிற்சிக்கு எல்லை உண்டு. நடிப்பவர்களுக்கு விடை தெரியும், ஒழுங்காகவும் உட்காருவார்கள். அதனால் இது தொடக்கத்துக்கு மட்டும். பிறகு உண்மை வகுப்பு. அங்கே ஏணி இப்படி இருக்க வேண்டும்: பார்த்தல், ஒரு சிறு குழுவுக்குக் கற்பித்தல், வழிகாட்டி ஆசிரியரோடு சேர்ந்து ஒரு பாடவேளை, தனியாக ஒரு பாடவேளை, தனியாக ஒரு முழு அலகு. ஓர் அலகை முதல் நாளிலிருந்து தேர்வு வரை தனியாக நடத்தாதவருக்கு, செவ்வாய்க்கிழமை விட்ட இடைவெளி வெள்ளிக்கிழமை என்ன செய்யும் என்று தெரியாது. இந்தியாவில் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு இரண்டாண்டு பி.எட்.டில் பள்ளி ஈடுபாடு 20 வாரம். பின்லாந்தில் வகுப்பாசிரியருக்கே முதுநிலைப் பட்டம் கட்டாயம், பயிற்சியின் பெரும்பகுதி பல்கலைக்கழகமே நடத்தும் பயிற்சிப் பள்ளிகளில் நடக்கிறது. அங்குள்ள ஆசிரியர்களுக்கு மாணவர்-ஆசிரியரை வழிநடத்துவதும் வேலையின் பகுதி. வேறு பல இடங்களில் இதுதான் ஓட்டை: வழிகாட்டி ஆசிரியருக்குப் பாடவேளை குறைப்பு கிடையாது, பயிற்சி கிடையாது. விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைக் கவனிக்க மாணவர்-ஆசிரியர் அனுப்பப்படுவார். 20 வாரம் கணக்கில் ஏறும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாடக்குறிப்பு பற்றி ஒரு வரி. நோக்கத்தில் 'மாணவர் ஒளிச்சேர்க்கையைப் புரிந்துகொள்வர்' என்று எழுதினால் பாடவேளை முடிவில் சரிபார்க்க வழியில்லை. 'ஒளி கிடைக்காத இலையில் ஸ்டார்ச் சோதனை ஏன் நிறம் மாறவில்லை என்று இரண்டு வாக்கியத்தில் எழுதுவர்' என்றால் கடைசி 5 நிமிடத்தில் தாள் வாங்கிப் பார்த்துவிடலாம். மாதிரிப் பாடக்குறிப்பு ஒன்றைத் துறையிடம் கேட்டு வாங்குங்கள், அதன் நோக்கப் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

மூன்றாம்பெஞ்ச்:

இருவருக்கும் நன்றி. இரு பிரிவுக்கும் பொதுவான பயிற்சி எது என்பதும், ஆசிரிய அனுபவம் வேண்டுமா என்பதும் இன்னும் நிற்கின்றன.

கடைசிமணி:

பொதுப் பயிற்சிக்கு வருவதற்கு முன் அளவுகோலோடு ஒரு சண்டை. இன்டர்ன்ஷிப்பின் 1200 மணி நேரமும் சோதனை நடத்தி அறிக்கை எழுதுவதிலேயே கரைந்தால் அந்த எண்ணால் பயன் இல்லை. அந்தத் தரநிலைகளே பத்துப் பணிப்பகுதிகளைச் சொல்கின்றன: தரவு வைத்து முடிவெடுத்தல், ஆசிரியர் போன்றவர்களோடு கலந்தாய்வு, கற்றல் தலையீடு (குழந்தைக்கெனத் திட்டமிட்ட உதவி), மனநல, நடத்தைச் சேவை, பள்ளி அளவிலான நடைமுறை, குடும்பத்தோடு இணைந்து வேலை செய்தல் என்று போகும். ஆகவே மொத்த மணி நேரத்தை மட்டும் கேட்காதீர்கள், முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரின் நேரப் பதிவேட்டைப் பெயர் நீக்கிக் காட்டச் சொல்லுங்கள். முக்கால் பங்கு 'மதிப்பீடு' நெடுவரிசையில் குவிந்திருந்தால், அந்தத் துறை சோதனை நடத்துநரைத்தான் உருவாக்குகிறது.

பொதுவான பயிற்சி என்று நான் நம்புவது மூன்று. கோட்பாட்டுத் தாள்கள் இதில் சேராது.

ஒன்று, பாடத்திட்டம் சார்ந்த அளவீடு. மின்னசோட்டாவில் ஸ்டான்லி டினோ குழு உருவாக்கியது. வாய்விட்டு வாசித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் வகுப்பு நிலைப் பத்தி ஒன்று, சரியாக 1 நிமிடம். ஒரு சொல்லில் 3 விநாடி தயங்கினால் சொல்லைச் சொல்லிவிட்டுப் பிழையாகக் குறிக்க வேண்டும். அந்த 3 விநாடிக்குள் தானே திருத்திக்கொண்டால் சரி. 68 சொல் வாசித்து 5 பிழையென்றால் மதிப்பு 63. ஒரே பத்தியை நம்பக் கூடாது. மூன்று பத்திகள் கொடுத்து, 58, 63, 71 என்று வந்தால் இடைநிலையான 63ஐ எடுக்க வேண்டும், சராசரியை அல்ல. பத்தி ஒன்று எதிர்பாராமல் எளிதாகவோ கடினமாகவோ இருந்தால் சராசரி இழுபட்டுவிடும். பிறகு ஒரு குறிக்கோள் கோடு. வாரம் 1.5 சொல் கூட வேண்டும், 10 வாரம் என்றால் 63இலிருந்து 78க்கு ஒரு கோடு வரைந்து, ஒவ்வொரு வாரமும் புள்ளி வைக்க வேண்டும். தொடர்ந்து நான்கு புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும். குழந்தையின் மேல் பழி போடுவதற்கு முன் கற்பித்தலை மாற்றும் விதி இது, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். ஆசிரியர் அளப்பார், உளவியலாளர் வரைபடத்தைச் சேர்ந்து படிப்பார். இருவரும் ஒரே வகுப்பில் ஒரே பத்தியில் இதைப் பழகியிருக்க வேண்டும்.

இரண்டு, நடத்தையைக் கவனித்துக் குறித்தல். முன் நிகழ்வு, நடத்தை, பின்விளைவு என்று மூன்று நெடுவரிசை. முதல் வாரத்தில் எல்லாரும் செய்யும் பிழை, நடத்தை நெடுவரிசையில் 'திமிராக நடந்தான்' என்று எழுதுவது. 'புத்தகத்தை மூடித் தள்ளினான், தலையை மேசையில் வைத்தான்' என்று எழுத வேண்டும், பார்க்காத ஒருவர் நடித்துக் காட்டும் அளவுக்கு. நேரத்தைச் சம இடைவெளிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் நடத்தை உண்டா என்று குறிக்கும் இடைவெளி முறையானால் அதன் சாய்வு தெரிய வேண்டும்: இடைவெளியில் ஒரு கணம் நடந்தாலும் குறிப்பது உண்மையைவிடக் கூட்டிக் காட்டும், இடைவெளி முழுக்க நடந்தால் மட்டும் குறிப்பது குறைத்துக் காட்டும்.

ஒரே குழந்தையைத் தனித்தனியாகக் கவனித்துக் குறிக்கும் இருவர் ஒத்துப்போகிறார்களா என்பதற்கு 80% என்று ஒரு வழக்கமான எல்லை உண்டு. 15 நிமிடத்தை 10 விநாடித் துண்டுகளாகப் பிரித்தால் 90 இடைவெளி. இருவரும் 76இல் ஒத்துப்போனால் 84%, பரவாயில்லை. ஆனால் அபூர்வ நடத்தையில் இந்தக் கணக்கு ஏமாற்றும். இருவர் குறித்தவையும் சேர்த்து 6 இடைவெளிகள்தான், அந்த ஆறில் ஒன்றில்கூட ஒத்துப்போகவில்லை என்று வையுங்கள். மீதி 84 வெற்று இடைவெளிகளில் 'இல்லை' என்று ஒத்துப்போனதால் 93% வந்துவிடும்! நடத்தை குறிக்கப்பட்ட இடைவெளிகளுக்குத் தனியாகக் கணக்குப் போடவில்லை என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இதைக் கற்றுத்தரும் துறைகள் கொஞ்சம்தான்.

மூன்று, ஆசிரியரோடு கலந்தாய்வு. பள்ளி உளவியலாளர் குழந்தையோடு இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரம் என்றால் ஆசிரியர் இருப்பது இருபது, இருபத்தைந்து மணி நேரம். தலையீட்டை நடத்தப்போவது ஆசிரியர்தான். உளவியலாளர் பெர்கன் 1977இல் வகுத்த நான்கு கட்டம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது: சிக்கலை இனங்காணுதல், அலசுதல், திட்டத்தை நடத்துதல், மதிப்பிடுதல். பயிற்சியில் முதல் இரண்டிலேயே பருவம் முடிந்துவிடும். நிஜத்தில் உடைவது மூன்றாவது. திட்டத்தைப் பேசி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் சில நாள்களிலேயே அது தேயத் தொடங்கும். ஆசிரியரின் அக்கறையைக் குறை சொல்வதில் பொருளில்லை, முப்பத்தைந்து பேர் வகுப்பில் ஒரு குழந்தைக்கு ஆறு படித் திட்டம் தாங்காது. 'எப்படிப் போகுது?' என்று கேட்பது போதாது. எத்தனை படிகள் நடந்தன என்று குறித்த தாளையும் குழந்தையின் வரைபடத்தையும் ஒன்றாக வைத்து ஐந்து நிமிடம் பேசும் பின்னூட்டம்தான் திட்டத்தைத் தாங்குகிறது. இதை ஆசிரியர் பிரிவு மாணவரும் உளவியல் பிரிவு மாணவரும் ஒரே குழந்தையை வைத்து, ஒரு பருவம் சேர்ந்து செய்தால் அந்தத் துறை இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பதற்கு நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் பொதுவாக இருப்பது கட்டடம் மட்டும்.

இந்தத் தொழில் தொடங்கியதே இப்படித்தான் என்பது கொசுறு: 1896இல் உளவியலாளர் லைட்னர் விட்மர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியல் நிலையம் தொடங்கியபோது முதல் வழக்கு, எழுத்துக்கூட்டத் திணறிய ஒரு பையன். அழைத்துவந்தவர் ஓர் ஆசிரியை.

அளவுகோல்:

கடைசிமணி சொன்னது சரிதான், நேரப் பதிவேடு கேட்க வேண்டும். ஆனாலும் சோதனையைக் கைவிடச் சொல்ல மாட்டேன். வாசிப்புத் தேக்கம் பார்வையாலா, மொழியாலா, கற்பிக்கப்படாததாலா என்று பிரிக்க முடியாத உளவியலாளரின் கலந்தாய்வு வெறும் ஆறுதல் பேச்சாகிவிடும். புள்ளி எதற்குப் பயன்படுகிறது என்பதில்தான் விஷயம். சராசரி 100, திட்டவிலக்கம் 15 உள்ள சோதனையில் ஒரு குழந்தைக்கு 84 வந்தால் அதை 84 என்று மட்டும் எழுதும் அறிக்கை அரைகுறை. அளவீட்டுப் பிழையைச் சேர்த்து 'இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை' என்று எழுத வேண்டும். பரிந்துரையில் 'தனிக் கவனம் தேவை' என்று எழுதும் அறிக்கைகளை ஆசிரியர்கள் கோப்பில் போட்டு மூடுவதற்கும் இதே காரணம்தான்: திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்று அதில் இல்லை. அனுப்பியவர் என்ன கேட்டாரோ அதற்கு முதல் பக்கத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

ஆசிரிய அனுபவம்: எல்லா இடத்திலும் கட்டாயம் இல்லை. இங்கிலாந்தில் முன்பு கேட்டார்கள், முனைவர் படிப்பாக மாறியபோது அந்த நிபந்தனை போய்விட்டது, குழந்தைகளோடு வேலை செய்த அனுபவம் போதும் என்றானது. என் கருத்து, ஆண்டுக்கணக்கில் கற்பித்திருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு முழு அலகையாவது உண்மை வகுப்பில் நடத்தியிருக்க வேண்டும். அதைச் செய்யாதவர்தான் ஆறு படித் திட்டம் எழுதுவார்.

சாக்பீஸ்:

ஒன்று விட்டுப்போனது. துறைக்கு எழுதும்போது பொதுக் கேள்வி கேட்டால் பொதுப் பதில்தான் வரும். 'ஒரு மாணவரை ஒரு பருவத்தில் எத்தனை முறை வகுப்பில் நேரில் பார்ப்பீர்கள், எழுத்தில் தரும் பின்னூட்டத்தின் மாதிரி ஒன்று அனுப்ப முடியுமா, வழிகாட்டி ஆசிரியர் சரியில்லை என்றால் பருவ நடுவில் பள்ளியை மாற்றிக்கொள்ள வழி உண்டா' என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு 'இதுவரை அப்படி ஒரு தேவை வந்ததில்லை' என்று பதில் வந்தால், பள்ளிக்கு யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

உளவியல் பிரிவென்றால் கூடவே இன்னொன்று: இன்டர்ன்ஷிப் இடத்தைத் துறையே ஏற்பாடு செய்கிறதா, மாணவர் தேடிக்கொள்ள வேண்டுமா? தேடிக்கொள்ளச் சொன்னால், அந்தப் பள்ளியில் தகுதி பெற்ற பள்ளி உளவியலாளர் ஒருவர் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார் என்பதைச் சேரும் முன் எழுத்தில் வாங்குங்கள். அவர் இல்லாத பள்ளியில் செய்யும் மணி நேரம் பின்னால் உரிமப் பதிவில் ஏற்கப்படாமல் போகலாம். இது பெரும்பாலும் கடைசி ஆண்டில்தான் தெரியவரும், அப்போது திரும்பச் செய்ய ஓராண்டு போய்விடும்.